தூதராக வந்த தளபதி: கோலாலம்பூரில் தேக்குவாண்டோவைச் செதுக்கிய சோய் ஹோங் ஹி

கெலாங் பாத்தா: மாலை நேரத்தில் சமூக மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் வெள்ளை உடையணிந்த பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஹானா, டூல், செட், நெட் என்று கொரிய மொழியில் எண்ணிக்கை ஒலிக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குத்து, ஒரு தடுப்பு, ஒரு உதை. கெலாங் பாத்தா, லீமா கெடாய், ஸ்கூடாய் வட்டாரத்துப் பெற்றோர்களுக்கு இது பழகிப்போன காட்சிதான். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் பழகும் அசைவு வரிசைகளில் பல, கொரியாவில் அல்ல, நம் தலைநகர் கோலாலம்பூரில் உருவானவை. அவற்றை உருவாக்கியவர் நம் நாட்டிற்குத் தென்கொரியத் தூதராக வந்த ஒரு ராணுவ ஜெனரல். அவர் பெயர் சோய் ஹோங் ஹி. இந்தக் கலைக்குத் தேக்குவாண்டோ என்ற பெயர் நிலைக்கக் காரணமானவர். அதே கலையின் பொருட்டு நாட்டையும் நண்பர்களையும் பதவியையும் இழந்தவர்.

நோயாளிச் சிறுவன்

சோய் ஹோங் ஹி 1918-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி கொரியாவின் வடகிழக்கில் உள்ள மியோங்சோன் வட்டாரத்தில் பிறந்தார். இன்று அது வடகொரியாவைச் சேர்ந்த பகுதி. அவர் பிறந்தபோது கொரியா முழுவதும் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது.

சிறு வயதில் அவர் அடிக்கடி நோயில் விழும் மெலிந்த பிள்ளை. வளர்ந்த பிறகும் உயரம் குறைந்தவராகவே இருந்தார். உடல் மெலிந்திருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான மாணவர் கிளர்ச்சியில் ஈடுபட்டதற்காக 12 வயதிலேயே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தந்தை அவரை ஹான் இல் டோங் என்ற ஆசிரியரிடம் அனுப்பினார். அந்த ஆசிரியர் தூரிகை எழுத்துக் கலையில் வல்லவர். கால் அசைவுகளை முதன்மையாகக் கொண்ட தேக்கியோன் என்ற பழைய கொரிய விளையாட்டையும் அவரிடமே பழகியதாகச் சோய் பின்னாளில் எழுதினார். தூரிகை எழுத்து அவரைக் கடைசிவரை விட்டுப் போகவில்லை.

1937-இல் மேற்படிப்புக்காக ஜப்பானின் கியோட்டோ நகருக்குப் போனார். புறப்படும் முன் ஊரில் சீட்டாட்டத்தின்போது ஒரு மல்யுத்த வீரரோடு தகராறு மூண்டது. திரும்பி வந்தால் அந்த வீரரின் கையில் சிக்க வேண்டியிருக்குமே என்ற பயம்தான் தம்மைக் கராத்தே பழகத் தூண்டியது என்று அவரே தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். உலகமெங்கும் பரவிய ஒரு கலையின் முதல் விதை இப்படி ஒரு சாதாரண பயத்தில் விழுந்தது. கியோட்டோவிலும் பிறகு தோக்கியோவிலும் விடாமல் பயிற்சி செய்து கறுப்புப் பட்டை பெற்றார். மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுக்கவும் தொடங்கினார்.

சிறையும் விடுதலையும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான் தன் ஆட்சிக்குட்பட்ட கொரிய இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது. கல்லூரி மாணவர்களும் தப்பவில்லை. சோயும் அதில் சிக்கினார்.

இந்தக் காலத்தை மலாயாத் தமிழர்கள் மறக்க முடியாது. சயாம் மரண ரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டு மாண்டார்கள். அந்தப் பாதையில் காவல் நின்றவர்களில் ஜப்பானியர்கள் சேர்த்த கொரியர்களும் உண்டு. ஒரே ஆதிக்கம் ஒரு பக்கம் தமிழனைக் கூலியாக்கியது, இன்னொரு பக்கம் கொரியனைச் சிப்பாயாக்கியது.

சோய் பியோங்யாங் நகரில் உள்ள ஜப்பானியப் படைமுகாமில் வைக்கப்பட்டார். அங்கே கொரிய மாணவச் சிப்பாய்கள் சிலர் முகாமிலிருந்து தப்பி விடுதலைப் படையோடு சேர இரகசியமாகத் திட்டமிட்டனர். திட்டம் வெளியானது. சோய் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறை அறையின் இடுக்கில் தனியாகப் பயிற்சி செய்ததாகவும், நாளாக நாளாக உடனிருந்த கைதிகளும் காவலரும்கூடத் தம்மிடம் கற்றுக்கொண்டதாகவும் அவர் பதிவு செய்திருக்கிறார். தமக்கு மரண தண்டனை காத்திருந்தது என்றும் அவர் எழுதினார். 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்ததும் சிறைக் கதவு திறந்தது.

29-ஆவது படைப்பிரிவு

விடுதலை வந்தாலும் நாடு இரண்டாகப் பிளந்தது. சோய் தெற்கே இருந்தார். பிறந்த ஊர் வடக்கே மாட்டிக்கொண்டது. 1946 ஜனவரியில் புதிதாக அமைந்த தென்கொரியப் படையில் இரண்டாம் லெப்டினண்டாகச் சேர்ந்தார். முதலில் குவாங்ஜு நகரில் இருந்த படைப்பிரிவில் தம் வீரர்களுக்குக் கைகால் சண்டைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். துப்பாக்கி பிடிக்கும் வீரனுக்கு வெறுங்கைப் பயிற்சி எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். உடலும் மனமும் ஒன்றாக உறுதிப்பட வேறு வழியில்லை என்பதே அவர் நம்பிக்கை.

1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரைக் கடந்து அவர் ஜெனரல் நிலைக்கு உயர்ந்தார். 1953-இல் ஜெஜு தீவில் 29-ஆவது காலாட்படைப் பிரிவை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதை அவர் தம் கனவுப் பள்ளியாகவே மாற்றினார். அந்தப் பிரிவின் சின்னமே கொரிய வரைபடத்தின்மேல் ஒரு முஷ்டி. வீரர்கள் எல்லாருக்கும் இந்தப் பயிற்சி கட்டாயமானது. நாம் தே ஹி என்ற திறமையான அதிகாரி அவருக்கு வலது கையாக நின்றார். இருவரும் சேர்ந்து ஓ டோ குவான் என்ற பயிற்சிப் பள்ளியைப் படைக்குள் நிறுவினர்.

இந்தக் கலை வேகமாகப் பரவியதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கொரியாவின் நகரங்களில் பல பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயரில், தனித்தனி முறையில் நடந்தன. பெரும்பாலானவற்றில் ஜப்பானியக் கராத்தேயின் சாயல் இருந்தது. படையில் அப்படியில்லை. ஒரே முறை, ஒரே கட்டளை, ஒரே எண்ணிக்கை. படையில் கற்றவன் சேவை முடிந்து ஊர் திரும்பும்போது கலையையும் கொண்டுபோனான். அதைக் கற்றுக் கொடுக்கும் ஒழுங்கையும் கொண்டுபோனான்.

பெயர் பிறந்த கதை

1954-இல் அதிபர் சிங்மன் ரீயின் முன்னிலையில் படைவீரர்களின் சாகசக் காட்சி நடந்தது. நாம் தே ஹி ஒரே குத்தில் 13 கூரை ஓடுகளை உடைத்தார். அதிபர் வியந்துபோனார். இது நம் பழைய தேக்கியோன்தான் என்று மகிழ்ந்து, படை முழுவதற்கும் இதைக் கற்றுக் கொடுக்க விருப்பம் தெரிவித்தார்.

சோய்க்கு இது பெரிய வாய்ப்பு, கூடவே சிக்கலும்கூட. அதுவரை இந்தப் பயிற்சி கராத்தே என்பதன் கொரிய உச்சரிப்புப் பெயர்களிலேயே அழைக்கப்பட்டது. ஜப்பானிய ஆட்சியில் நொந்த நாட்டில் அந்தப் பெயர் நிலைக்காது என்று அவருக்குத் தெரிந்தது. அகராதிகளைப் புரட்டித் தேக்கியோன் என்ற ஒலிக்கு நெருக்கமான ஒரு சொல்லைத் தேடினார். தே என்றால் காலால் உதைப்பது. குவான் என்றால் முஷ்டி. டோ என்றால் வழி, நெறி. 1955 ஏப்ரல் 11-இல் கூடிய குழு தேக்குவாண்டோ என்ற பெயரை ஏற்றது.

பெயர் வந்தவுடன் எல்லாரும் ஒன்றாகிவிடவில்லை. மற்றப் பள்ளிகளின் ஆசான்கள் பலர் இந்தப் பெயரை நெடுநாள் ஏற்க மறுத்தனர். தேக்குவாண்டோவை ஒருவரே படைத்தார் என்று சொல்வதைத் தென்கொரியாவில் இன்றும் பலர் ஒப்புக்கொள்வதில்லை. பல ஆசான்களின் உழைப்பு அதில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயருக்காகக் கடைசிவரை மல்லுக்கு நின்றவர் சோய் ஒருவர்தான் என்பதும் உண்மை. 1959-இல் தேக்குவாண்டோவைப் பற்றிக் கொரிய மொழியில் நூல் எழுதினார். அதே ஆண்டில் படைவீரர் குழு ஒன்றை வியட்நாமுக்கும் தைவானுக்கும் அழைத்துச் சென்று கலையை அரங்கேற்றினார். அதுவே நாட்டிற்கு வெளியே அதன் முதல் பயணம்.

கோலாலம்பூருக்கு வந்த தூதர்

1961-இல் ஜெனரல் பார்க் சுங் ஹி ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சியைப் பிடித்தார். சோய்க்கும் பார்க்குக்கும் ஒத்துப் போகவில்லை. 1962-இல் சோய் படையிலிருந்து விலக வேண்டியதாயிற்று. அவருக்குக் கிடைத்தது மலாயாவுக்கான தூதர் பதவி. வெளியே பார்த்தால் அது கௌரவம். உள்ளே பார்த்தால் தலைநகரிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட நிலை. படையும் இல்லாமல், தம் கலையைக் கற்றுக் கொடுக்கக் களமும் இல்லாமல் அவர் கோலாலம்பூருக்கு வந்தார்.

வேறொருவராக இருந்தால் விருந்துகளிலும் கோல்ஃப் மைதானத்திலும் காலத்தை ஓட்டியிருக்கலாம். சோய் தூதரகத்தையே பயிற்சிக்கூடம் ஆக்கினார்.

நாடு சுதந்திரம் பெற்று அப்போது ஐந்தே ஆண்டுகள். 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானது. அந்த 1963-ஆம் ஆண்டில்தான் மலேசியத் தேக்குவாண்டோ சங்கம் அமைந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் விருப்பத்திற்கிணங்க மெர்டேக்கா அரங்கத்தில் தேக்குவாண்டோ செய்து காட்டப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் சுதந்திர முழக்கம் எழுந்த அதே அரங்கத்தில் மலேசியர்கள் இந்தக் கலையை முதன்முதலாகத் திரளாகப் பார்த்தார்கள்.

கொரியாவிலிருந்து கிம் போக் மான், வூ ஜே லிம் ஆகிய பயிற்றுநர்கள் வரவழைக்கப்பட்டனர். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. 1964 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் சங்கம் அமைந்தது. அங்கே இருந்த பிரிட்டிஷ் விமானப்படையினருக்கு ரீ கி ஹா என்ற இளம் பயிற்றுநர் கற்றுக் கொடுத்தார். அவரே பின்னர் பிரிட்டனுக்குப் போய் அங்கே தேக்குவாண்டோவை வேரூன்றச் செய்தார். இன்று கெலாங் பாத்தாவிலிருந்து இரண்டாவது பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள் நம்மவர்கள். அன்று அந்த நீரிணையின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த விதை விழுந்தது.

அசைவுகளுக்குள் ஒரு வரலாறு

மலேசியாவில் சோய் செய்த பெரிய வேலை கூட்டம் கூட்டியது அல்ல. கலைக்கு ஓர் இலக்கணம் வகுத்ததுதான்.

கராத்தேயில் கட்டா என்ற அசைவு வரிசைகள் உண்டு. அவற்றையே பின்பற்றிக்கொண்டிருந்தால் பெயர் மட்டுமே கொரியப் பெயராக இருக்கும். அதனால் தமக்கென்று தனி வரிசைகளை அமைக்கும் பணியைப் படையில் இருக்கும்போதே தொடங்கியிருந்தார். கோலாலம்பூரில் கிம் போக் மானும் வூ ஜே லிமும் துணை நிற்க, அந்தப் பணி முழு வேகம் பிடித்தது. பிள்ளைகள் இன்று பேட்டர்ன் என்று சொல்லும் அந்த வரிசைகளில் பல இங்கே வடிவம் பெற்றன.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பொருள் வைத்தார். முதலில் கற்கும் சோன்-ஜி என்ற பெயருக்கு வானமும் பூமியும் என்று பொருள். அது படைப்பின் தொடக்கத்தைக் குறிக்கும். டான்-குன் என்பது கொரியாவை நிறுவியதாகச் சொல்லப்படும் மூதாதையின் பெயர். டோ-சான் என்பது நாட்டின் கல்விக்கும் விடுதலைக்கும் உழைத்த ஆன் சாங் ஹோவின் புனைபெயர். ஜுங்-குன் என்பது 1909-இல் ஜப்பானியத் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்ற ஆன் ஜுங் குன். அந்த வரிசையில் 32 அசைவுகள். 1910-இல் தூக்கிலிடப்பட்டபோது அவருடைய வயதை அந்த எண் குறிக்கிறது.

ஹ்வா-ராங் என்ற வரிசையில் 29 அசைவுகள். பழங்கால சில்லா நாட்டு இளம் வீரர் படையின் பெயர் அது. எண்ணிக்கையோ சோய் தாமே உருவாக்கிய 29-ஆவது காலாட்படைப் பிரிவை நினைவூட்டுகிறது. சூங்-மூ என்பது கடற்படைத் தளபதி யி சுன் சின்னின் பட்டப்பெயர். அது இடக்கைத் தாக்குதலோடு முடிகிறது. தம் முழுத் திறனையும் காட்ட வாய்ப்பின்றி அவர் மறைந்த துயரத்தை அந்த முடிவு சொல்கிறது.

மொத்தம் 24 வரிசைகள். ஒரு நாளின் 24 மணி நேரத்தை அவை குறிக்கின்றன. காலவெள்ளத்தில் மனித வாழ்வு ஒரு நாள் போன்றது, அதற்குள் ஏதேனும் நல்லதை விட்டுச் செல்ல வேண்டும் என்பது அவர் கொடுத்த விளக்கம்.

பட்டைகளின் நிறங்களுக்கும் இப்படியே பொருள் உண்டு. வெள்ளை என்பது ஒன்றும் அறியாத தொடக்க நிலை. மஞ்சள், விதை வேரூன்றும் மண். பச்சை, முளைத்து வளரும் செடி. நீலம், அந்தச் செடி மரமாகி எட்டிப் பார்க்கும் வானம். சிவப்பு, ஆபத்தின் எச்சரிக்கை. கறுப்பு, வெள்ளைக்கு நேர் எதிரான முதிர்ச்சி. ரப்பரும் செம்பனையும் நட்டு வளர்த்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளக்கம் எளிதில் புரியும்.

உதைக்கும் குத்துக்கும் மேலாக ஐந்து குணங்களை அவர் வைத்தார். மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனவுறுதி. கற்ற கலையைத் தவறாகப் பயன்படுத்த மாட்டேன் என்ற உறுதிமொழியும் உண்டு.

இதையெல்லாம் எழுத்தில் வைத்ததுதான் அவருடைய தனித்தன்மை. 1965-இல் ஆங்கிலத்தில் தேக்குவாண்டோ நூலை வெளியிட்டார். பின்னாளில் அது 15 தொகுதிகள் கொண்ட கலைக்களஞ்சியமாக வளர்ந்தது. கால் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், கை எந்த உயரத்தில் முடிய வேண்டும், உடல் எடை எந்தக் காலில் எவ்வளவு விழ வேண்டும் என்று படத்தோடு விளக்கினார். ஆசான் இல்லாத ஊரிலும் கலை பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

ஒன்பது நாடுகளோடு ஒரு கூட்டமைப்பு

தூதர் பணி முடிந்து சோய் தென்கொரியா திரும்பினார். 1965-இல் நல்லெண்ணக் குழு ஒன்றுடன் மேற்கு ஜெர்மனி, இத்தாலி, துருக்கி, எகிப்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளைச் சுற்றி வந்தார். அடுத்த ஆண்டு, 1966 மார்ச் 22-இல் சியோலில் அனைத்துலகத் தேக்குவாண்டோ கூட்டமைப்பு தொடங்கியது. தொடக்க உறுப்பினர்களாக இருந்தவை ஒன்பது நாடுகள்: கொரியா, வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர், மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா, துருக்கி, இத்தாலி, எகிப்து. அந்த ஒன்பதில் மலேசியாவும் ஒன்று என்பது நாம் மறந்துவிட்ட பெருமை. 1971 மார்ச்சில் இரண்டாவது ஆசியத் தேக்குவாண்டோ போட்டி கோலாலம்பூர் நெகாரா அரங்கில் நடந்தது.

நாட்டை விட்டு வெளியே

கலை வளர வளர அரசாங்கத்தின் பிடியும் இறுகியது. தேக்குவாண்டோ தென்கொரியாவின் அடையாளமாக மாறிக்கொண்டிருந்தது. அதை ஆட்சியின் கைக்குள் கொண்டுவரப் பார்க்கின் அரசு விரும்பியது. தாம் வளர்த்த கலையை அரசியல்வாதிகளிடம் ஒப்படைக்கச் சோய் சம்மதிக்கவில்லை. 1972-இல் நாட்டை விட்டு வெளியேறிக் கனடாவில் குடியேறினார். கூட்டமைப்பின் தலைமையகமும் டொரோண்டோவுக்கு மாறியது.

சியோல் சும்மா இருக்கவில்லை. 1973 மே 28-இல் உலகத் தேக்குவாண்டோ கூட்டமைப்பு என்ற புதிய அமைப்பு அங்கே உருவானது. அன்றிலிருந்து தேக்குவாண்டோவுக்கு இரண்டு வீடுகள். சோயின் வழியில் கையுறையும் காலுறையும் அணிந்து முகத்தையும் குத்தலாம், உதைக்கலாம். சியோலின் வழியில் மார்புக் கவசம் அணிய வேண்டும், முகத்தில் குத்து கூடாது, உதைக்கே முதலிடம். ஒரு வழியில் பயில்வது சோயின் 24 வரிசைகள். மறு வழியில் பூம்சே என்ற வேறு வரிசைகள். நம் நாட்டிலும் இரண்டு வழிகளும் வேரூன்றின. ஒரே ஊரில் இரண்டு பயிற்சி மன்றங்கள் இரண்டு விதமாகக் கற்றுக் கொடுப்பதைப் பார்த்துக் குழம்பும் பெற்றோர்களுக்கு விடை இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

1974-இல் சோய் தம் கூட்டமைப்பின் முதல் உலகப் போட்டியைக் கனடாவின் மொன்ட்ரியல் நகரில் நடத்திக் காட்டினார். அரசாங்கத்தின் பணபலம் இல்லாமல், மாணவர்களை மட்டுமே நம்பி நின்றார்.

வடக்கே திறந்த கதவு

1980-இல் அவர் எடுத்த முடிவு வாழ்நாள் முழுதும் அவரைத் துரத்தியது. தேக்குவாண்டோ குழு ஒன்றோடு அவர் வடகொரியா சென்றார். அங்கே கலை பரவ வழி வகுத்தார்.

தென்கொரியாவின் பார்வையில் அது துரோகம். போரில் எதிர் நின்ற நாட்டோடு கைகோக்கும் முன்னாள் ஜெனரலை அங்கே யாரும் மன்னிக்கத் தயாராக இல்லை. தோளோடு தோள் நின்ற பழைய பயிற்றுநர்கள் பலர் விலகினார்கள். ஊர் திரும்ப முடியாத பயம், அங்கே இருக்கும் குடும்பத்தைப் பற்றிய கவலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது.

சோயின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. வடக்கு அவர் பிறந்த மண். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கால் வைக்க முடியாத மண். பிளவுபட்ட நாட்டின் இரு பக்கமும் ஒரே கலையைப் பயின்றால் ஒரு நாள் அதுவே பாலமாகும் என்று அவர் நம்பினார். ஆனால் சர்வாதிகார ஆட்சி ஒன்றின் ஆதரவை ஏற்றவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. அது இன்றுவரை முழுதும் நீங்கவில்லை. அவர் எளிதில் வளைந்து கொடுக்காத மனிதர். அந்தப் பிடிவாதமே கலையைக் காப்பாற்றியது. அதுவே பல நல்ல நட்புகளையும் முறித்தது.

1985-இல் தலைமையகம் ஆஸ்திரியாவின் வியன்னா நகருக்கு மாறியது. அறுபது, எழுபது வயதுகளிலும் அவர் நாடு நாடாகப் போய்ப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். ராணுவ ஜெனரலாகவும் தூதராகவும் இருந்தவர், கறுப்புப் பட்டை அணிந்தவர்களின் வரிசைக்கு நடுவே நடந்து, ஒருவரின் முழங்கால் மடிப்பையும் இன்னொருவரின் முஷ்டியையும் தாமே திருத்துவார். பதவிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த பிறகும் பயிற்றுநர் என்ற வேலை மட்டும் அவரிடம் எஞ்சி நின்றது.

சியோலில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்

1988-இல் சியோலில் ஒலிம்பிக் நடந்தபோது தேக்குவாண்டோ காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதில் மலேசியாவின் எம். வாசுகி வெண்கலம் வென்றார். கலை பிறந்த நாட்டின் தலைநகரில், உலகமே பார்க்க, ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் மேடையேறினார்.

அந்தப் போட்டி சோயின் எதிரணி விதிகளின்படி நடந்தது. கலைக்குப் பெயர் தந்தவருக்கு அந்த மேடையில் இடமில்லை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தேக்குவாண்டோ முழுமையான பதக்க விளையாட்டானது. அங்கும் அதே நிலைதான். இருந்தாலும் 1963-இல் மெர்டேக்கா அரங்கத்தில் திறந்த கதவு இல்லாமல் மலேசியாவில் இந்தக் கலை அத்தனை சீக்கிரம் வேர் பிடித்திருக்காது.

முடிவும் தொடர்ச்சியும்

சோய் ஹோங் ஹி 2002 ஜூன் 15-ஆம் தேதி பியோங்யாங்கில் காலமானார். புற்றுநோய் அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 83. ஜப்பானியர் ஆட்சியில் கைதியாக இருந்த அதே நகரத்தில் அவர் உடல் அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. தெற்கே பதவி வகித்த நாட்டில் அவருக்கு ஆறடி நிலம் கிடைக்கவில்லை.

அவர் மறைந்ததும் அவருடைய கூட்டமைப்பும் உடைந்தது. மூன்று அணிகள் அதே பெயரைச் சொந்தம் கொண்டாடின. ஆசான் போனபின் சீடர்கள் நாற்காலிக்குச் சண்டையிடுவது நமக்கும் தெரியாத கதையல்ல.

ஆனால் 2018 பிப்ரவரியில், தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க நாளில், இரண்டு வழிகளையும் சேர்ந்த தேக்குவாண்டோ வீரர்கள் ஒரே அரங்கில் சேர்ந்து கலையைச் செய்து காட்டினர். வடகொரியாவிலிருந்து வந்த குழுவும் தென்கொரியக் குழுவும் ஒன்றாக நின்றன. சோய் கண்ட பாலம் சில நிமிடங்களுக்காவது கண்ணுக்குத் தெரிந்தது.

நம் தோட்டங்களிலும் ஆசான்கள் இருந்தார்கள். பால்வெட்டு முடிந்து, மாலையில் லயத்துக்கு முன்னால் மண் தரையில் சிலம்பம் கற்றுக் கொடுத்த வாத்தியார்கள் அவர்கள். கம்பின் நீளம், காலடி வரிசை, வீச்சின் கணக்கு எல்லாம் அவர்கள் கையிலும் காலிலும் இருந்தன. ஏட்டில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது பல வாத்தியார்களின் பாடமும் அவர்களோடு முடிந்துபோனது. சிலம்பத்தை இன்றும் காத்து வருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இழந்தது எவ்வளவு என்று கணக்கெடுக்கக்கூட நம்மிடம் குறிப்பில்லை.

சோயிடமிருந்து நம் பயிற்றுநர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். வீரனுக்கு வலிமை போதும். பயிற்றுநருக்கு அது போதாது. அவர் தமக்குத் தெரிந்ததை வரிசைப்படுத்த வேண்டும், பெயர் வைக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். நாட்டை இழந்தும் சோயால் கலையை இழக்காமல் இருக்க முடிந்தது இதனால்தான். எந்த ஊரில் இறங்கினாலும் முதல் பாடத்தை அங்கிருந்தே தொடங்க அவருக்கு ஒரு நூல் இருந்தது.

கெலாங் பாத்தா மண்டபத்தில் பயிற்சி முடியும் நேரம். பெற்றோர்கள் வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருக்கிறார்கள். மஞ்சள் பட்டை அணிந்த பிள்ளை கடைசியாக ஒருமுறை டான்-குன் வரிசையைச் செய்து முடித்துவிட்டு, கால்களை ஒன்றுசேர்த்து ஆசிரியருக்குத் தலை வணங்குகிறது. அதில் 21 அசைவுகள். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளையிடம் ஒரு கதை சொல்லலாம். இந்த 21 அசைவுகளும் நம் கோலாலம்பூரோடு தொடர்புடையவை, இவற்றைச் செதுக்கியவர் ஒரு காலத்தில் நோஞ்சானாக இருந்த சிறுவன் என்று.